கையுறை மாட்டும் ஜேன்

போன இதழின் நடுப்பக்கத்தில் ஒரு ஓவியம் போட்டிருந்தோம். பாரிஸ் நகரத்து மூலான் ரூஜ் நடன அரங்கின் வாசல். நீளமான கோட்டும் அலங்காரத் தொப்பியும் அணிந்த மெலிந்த பெண் ஒருவர், தலையைச் சற்றே தாழ்த்திக் கையுறை மாட்டிக்கொண்டிருப்பார். வரைந்தவர் ஆன்ரி த துலூஸ் லோத்ரெக், 1892 வாக்கில். அந்தப் பெண் ஜேன் அவ்ரில், அந்த அரங்கின் நட்சத்திர ஆட்டக்காரர். பெயரையும் வருடத்தையும் மட்டும் அச்சிட்டோம், விளக்கம் எதுவும் எழுதவில்லை. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரசியல், சினிமா, வீட்டுக்கடன் என்று எல்லாம் கலந்து வரும் இந்தப் பகுதியை இந்த முறை முழுக்க அந்த ஒரு படத்துக்கே ஒதுக்குகிறேன்.

கே: நான் முப்பது வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். ஜேனுக்கு அப்போது 24 வயதுதான் என்று தேடித் தெரிந்துகொண்டேன். படத்தில் நாற்பதைத் தாண்டியவள் மாதிரி, கன்னம் ஒட்டி, தோள் தொங்கி நிற்கிறாள். மேடையில் அத்தனை பேரைக் கட்டிப்போட்ட ஒரு கலைஞரை இப்படியா வரைவது? எனக்குக் கோபமாக வந்தது. (வாசகி, கும்பகோணம்)

ப: உங்கள் கோபம் புரிகிறது, டீச்சர். உச்சத்தில் இருக்கும் ஒருவரை மேடையில் வைத்துப் பார்க்காமல், வேலைக்கு வந்து போகும் வழியில் மடக்கி வரைந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வரையப்பட்டவர் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். அடுத்த வருடமே, 1893-ல், ஜார்தன் த பாரிஸ் என்ற அரங்கில் ஆடப் போகும்போது, தன் விளம்பரச் சுவரொட்டியை வரைந்து தரச் சொல்லி ஜேன் தேடிப் போனது இதே லோத்ரெக்கைத்தான். 1899-ல் இன்னொரு சுவரொட்டி தேவைப்பட்டபோதும் அவரிடம்தான் போனார். தன் புகழுக்கே லோத்ரெக் போட்ட சுவரொட்டிகள்தான் காரணம் என்று வயதான காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தன்னை அசிங்கப்படுத்திவிட்டான் என்று நினைக்கிற ஒருவர் அந்த ஆளிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்க மாட்டார்.

அந்த 1893 சுவரொட்டியைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். கறுப்புக் காலுறை போட்ட ஒரு கால் முழங்காலில் மடிந்து மேலே எழும்பியிருக்கிறது, பாவாடை அடுக்கடுக்காகப் பொங்கி நிற்கிறது. முன்னால், நமக்கு மிகப் பக்கத்தில், டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவரின் கையும் அந்த வாத்தியத்தின் கழுத்தும். அந்தக் கழுத்தே வளைந்து நீண்டு படத்தைச் சுற்றி ஒரு சட்டமாகிவிடுகிறது. ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது, சரி, முகத்தைப் பாருங்கள். கண் தாழ்ந்து, வாய் இறுகி, எங்கேயோ யோசனையில் இருக்கிறது. டிக்கெட் விற்பதற்காகச் சுவரில் ஒட்டப்போகிற தாள் அது! அதில்கூட லோத்ரெக் ஒரு சிரிப்பைப் போடவில்லை, ஜேனும் போடச் சொல்லவில்லை. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொரு படத்தில், 1892-ல் வரைந்தது, கால் ஒரு பக்கம் வீசி ஜேன் ஆடுகிறார். அங்கேயும் உடம்பு சுழல்கிறது, முகம் மட்டும் தனியாக அமைதியாக இருக்கிறது.

ஆக, வாசலில் நிற்கும்போது இருக்கும் முகமும் ஆடும்போது இருக்கும் முகமும் ஒன்றுதான். களைத்துப்போன நேரம் பார்த்துப் பிடித்த முகமாக இருந்தால் இது பொருந்தாது. ஆடும்போதே தனக்குள் இருக்கிற ஒருவரின் முகமாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அவர் ஆட்டத்தை நேரில் பார்த்த ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் சைமன்ஸ் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதில் ஜேன் கண்ணாடிக்கு எதிரே, அதில் தெரியும் தன் நிழலோடு, தன் சந்தோஷத்துக்காகத்தான் ஆடுகிறார், கூடியிருக்கும் கூட்டத்துக்காக இல்லை. லா குலு என்ற பட்டப்பெயர் கொண்ட லூயிஸ் வெபர்தான் அப்போது அந்த அரங்கின் பெரிய பெயர், கூட்டத்தைச் சீண்டி, கலாட்டா செய்து ஆடுகிறவர். ஜேன் பெரும்பாலும் தனியாக, தன் சொந்த அடிகளை ஆடினார். இரண்டு பேரும் ஒரே மேடைதான், ஆனால் ஆட்டம் வேறு, அதனால் முகமும் வேறு.

உங்களிடமே ஒன்று கேட்கிறேன். அரங்கேற்றம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, உங்கள் மாணவி மேக்கப் அறையில் உட்கார்ந்து சலங்கையின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்க்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவளுக்குப் பதினேழு வயது என்று யாராவது சொல்ல முடியுமா? அதைப் பார்த்து "பாவம், சோகமாக இருக்கிறாள்" என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுவீர்கள். லோத்ரெக் செய்ததும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

கே: படத்தின் தலைப்பு "மூலான் ரூஜுக்குள் நுழையும் ஜேன் அவ்ரில்" என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். நுழைகிறவர் எதற்குக் கையுறை மாட்ட வேண்டும்? கழற்றத்தானே வேண்டும்? (வாசகர், மதுரை)

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்தக் காலத்துப் பாரிஸில் ஒரு பெண் வீதியில் இறங்கும்போது கையுறை மாட்டுவது, நாம் வாசலில் நின்று செருப்பு மாட்டுவது மாதிரி. அப்படிப் பார்த்தால் அவர் கிளம்புகிறார். "நுழையும்" என்ற தலைப்பில்தான் படம் நெடுநாள் அறியப்பட்டது. படம் இருக்கும் லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இப்போது "மூலான் ரூஜின் வாசலில் ஜேன் அவ்ரில், கையுறை மாட்டுகிறார்" என்கிற மாதிரியான தலைப்புதான் வைத்திருக்கிறார்கள். உள்ளேயா வெளியேயா என்று அந்தத் தலைப்பு முடிவு கட்டவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு ஜோடி மாதிரி இன்னொரு படம் உண்டு, "மூலான் ரூஜிலிருந்து வெளியேறும் ஜேன் அவ்ரில்", அதுவும் 1892. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகிற எந்தப் பெண்ணும் மாதிரிதான் இருக்கிறார், நீண்ட கோட்டு, தொப்பி, கீழே பார்த்த பார்வை. பக்கத்தில் போகிறவருக்கு இவர்தான் உள்ளே அரைமணி நேரம் முன்பு காலைத் தலைக்கு மேல் வீசி ஆடியவர் என்று தெரியாது. ஒரே வருடத்தில், ஒரே அரங்கின் வாசலில் வைத்து இரண்டு தடவை வரைந்திருக்கிறார் என்றால் லோத்ரெக்குக்கு அந்த வாசல் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது பாருங்கள். மேடைக்காரி வீட்டுக்காரியாகவும் வீட்டுக்காரி மேடைக்காரியாகவும் மாறும் அந்த இரண்டு நிமிடம்.

கையுறையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே காலத்துப் பாடகி இவெத் கில்பெர் முழங்கைக்கு மேலே வரும் கறுப்புக் கையுறையோடுதான் மேடையேறுவார், அதுதான் அவருக்கு அடையாளம். 1893-ல் திவான் ஜப்போனே என்ற கஃபேக்கு லோத்ரெக் வரைந்த சுவரொட்டியில், மேடையில் நிற்கும் கில்பெரின் தலை படத்தின் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கையுறையை வைத்தே ஊர் அவரை அடையாளம் கண்டுகொண்டது. அதே சுவரொட்டியில் பார்வையாளராக, முன்னால், முழுக் கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? நம் ஜேன்தான். பாடுகிறவருக்குத் தலை இல்லை, கேட்கிறவர்தான் படத்தின் நாயகி.

கே: ஜேன் அவ்ரில் சிறுவயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்று படித்தேன். அந்த வேதனைதானே முகத்தில் தெரிகிறது? (வாசகி, சென்னை)

ப: இந்தக் கேள்வி ஏழெட்டுக் கடிதத்தில் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜேன் 1868-ல் பாரிஸில் பெல்வில் பகுதியில் பிறந்தவர். அம்மா பணக்காரர்களின் தயவில் வாழ்ந்து, பிறகு நொடித்துப்போனவர், அந்த ஆத்திரத்தையெல்லாம் மகள் மீது அடியாக இறக்கியவர். அப்பா இத்தாலியப் பிரபு என்று சொல்வார்கள், கூட இல்லை. வீட்டைவிட்டு ஓடிப்போன பெண் கடைசியில் 1882 டிசம்பரில், 14 வயதில், சல்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடம்பு தன்போக்கில் துள்ளித் துடிக்கும் ஒரு நரம்புக் கோளாறு. பிரெஞ்சுக்காரர்கள் அதை "புனித கீயின் நடனம்" என்பார்கள். நோயின் பெயரிலேயே நடனம்.

சல்பெத்ரியேர் அன்றைக்கு உலகப் பிரசித்தம். நரம்பியல் மருத்துவத்தின் பெரிய பெயரான ழான் மார்தேன் ஷார்கோ அங்கேதான் இருந்தார், பின்னாளில் 1885-ல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு அவரிடம் படிக்க அங்கே போனார். ஷார்கோ பாடம் நடத்தும்போது நோயாளிப் பெண்களை முன்னால் நிறுத்தி, அவர்களுடைய வலிப்பையும் முறுக்கலையும் கூட்டத்துக்குக் காட்டுவார். டாக்டர்கள் மட்டும் இல்லை, எழுத்தாளர்களும் நடிகர்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நோயாளிகளைப் போட்டோ எடுத்துத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். வருடத்துக்கு ஒரு தரம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் நடுவில், நோயாளிகளுக்கு மாறுவேட நடன விழா ஒன்று நடக்கும், அதையும் பார்க்க வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்கள். அந்த விழாவில்தான் ஜேன் முதன்முதலாக உண்மையாக ஆடினார். ஆடி முடித்தபோது தன் நோய் குணமாகிவிட்டது என்று நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார், அதை எழுதும்போது ஐயோ என்ற வார்த்தையைச் சேர்த்து எழுதுகிறார். குணமானால் வெளியே போக வேண்டும், வெளியே என்றால் அம்மா. 1884-ல் வெளியே வந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வேதனைதான் முகத்தில் இருக்கிறதா? நான் இல்லை என்றுதான் சொல்வேன். நமக்குக் கதை தெரிந்துவிட்டதால் முகத்தில் கதையைத் தேடுகிறோம். கதை தெரியாமல் போன இதழில் பார்த்தவர்கள் "இவர் யாருக்காகவோ காத்திருக்கிறார்", "வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாசகர் "சம்பளம் வராத நாள்" என்கிறார். அவர்கள் யாரையும் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மருத்துவமனைக் கதைக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 14 வயதில் அவர் இருந்த இடம், பெண்களின் உடம்பு துடிப்பதைச் சீமான்கள் வந்து வேடிக்கை பார்த்த இடம். இருபது வயதுக்கு மேல் ஆடின இடத்திலும் கூட்டம் டிக்கெட் வாங்கி உடம்பைத்தான் பார்த்தது. வெடிமருந்தின் பெயரைக் கொண்டு மெலினித் என்று ஒரு பட்டப்பெயர், பைத்தியக்கார ஜேன் என்று இன்னொன்று. இவ்வளவு காலம் பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒருவரை, யாரும் பார்க்காத ஒரு நேரத்தில், கையுறையின் விரல்களைச் சரிசெய்யும் சின்ன வேலையில் ஆழ்ந்துபோயிருக்கும்போது லோத்ரெக் வரைந்திருக்கிறார். ஜேன் நம்மைப் பார்க்கவில்லை. நம் கண்ணைச் சந்தித்து "பாருங்கள்" என்று அழைக்கவும் இல்லை. அந்த விலகலைத்தான் நாம் சோகம் என்று சொல்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வரைந்தவர் யார் என்பதையும் மறக்க வேண்டாம். லோத்ரெக் தெற்குப் பிரான்சில் ஆல்பி நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1864-ல் பிறந்தவர். பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். 13, 14 வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடை எலும்பும் முறிந்து, அப்புறம் கால் வளரவே இல்லை. தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் உருவம் அவருடையது. வேடிக்கை பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1899-ல் குடியால் சீரழிந்து அவரே நெய்யி என்ற இடத்தில் ஒரு மனநல விடுதியில் மூன்று மாதம் போல அடைக்கப்பட்டிருந்தார். தனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக, சர்க்கஸ் காட்சிகளை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்து வெளியே வந்தார். ஜேன் ஆடிக் குணமானார், இவர் வரைந்து விடுதலை வாங்கினார்.

கே: இருவருக்கும் காதலா? (வாசகர், ஈரோடு)

ப: நட்பு. பாரிஸில் மற்றவர்கள் லோத்ரெக்குக்குப் படமாக நின்றார்கள். ஜேன் அவரோடு பேசவும் செய்தார், அவர் கலையைப் புரிந்துகொள்ளவும் செய்தார். ஒரு ஆணும் பெண்ணும் பத்து வருடம் ஒருவர் வேலையை ஒருவர் மதித்துக்கொண்டு பழகினார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது, அதற்கு மேல் அதில் காதலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கே: கவின்கலைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நான் வரைகிற முகங்களில் சோகம் வந்தால் அது சினிமா சோகமாகிவிடுகிறது. லோத்ரெக் இதை எப்படிச் செய்தார்? (வாசகர், கோவை)

ப: தம்பி, முதலில் எதன் மேல் வரைந்தார் என்று பார். கித்தான் துணி இல்லை, அட்டை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டரைவிடக் கொஞ்சம் அதிக அகலம், ஆள் நுழையும் கதவிடுக்கு மாதிரி ஒடுங்கிய வடிவம். எண்ணெய் வண்ணத்தை அப்படியே பூசாமல், அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துப் பயன்படுத்துவது அவர் வழக்கம். அட்டை அதைச் சட்டென்று குடித்துவிடும், பளபளப்பு இருக்காது, காய நேரம் பிடிக்காது. இந்தப் படத்தில் கூடவே பாஸ்டல் என்ற வண்ணச் சாக்கட்டியும் சேர்த்திருக்கிறார்.

அதனால் என்ன ஆகிறது? பூசாமல் விட்ட இடங்களில் அட்டையின் பழுப்பு நிறமே தெரிகிறது. முகத்தில் நெருக்கமாக வேலை செய்திருக்கிறார், கண்ணிமை, கன்னத்தின் பள்ளம், உதடு எல்லாம் அங்கே இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே வர வர வேலை குறைகிறது. கோட்டு என்பது மேலிருந்து கீழே ஓடும் நீளக் கோடுகள்தான். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிகிற மாதிரி எல்லாம் கீழ்நோக்கி வழிகிறது. தோள் தொங்குகிறது என்று பார்க்கிற எல்லோரும் சொல்கிறார்களே, அதில் பாதி வேலையைத் தோள் செய்யவில்லை, அந்தக் கோடுகள் செய்கின்றன. சோகத்தை அவர் முகத்தில் ஏற்றவே இல்லை. முகத்தை யோசனையில் விட்டுவிட்டு, கோட்டுக்கும் பின்னணிக்கும் பாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். நீ எல்லாவற்றையும் புருவத்திலும் கண்ணீரிலும் போடுகிறாய், அதனால்தான் சினிமா ஆகிறது.

இன்னொன்று, கவனமாக இருக்க வேண்டியது. இந்த மாதிரி அட்டைகள் காலப்போக்கில் கறுத்துப்போகும். இன்று நாம் பார்க்கும் மங்கலில் ஒரு பங்கு நூற்று முப்பது வருடம் சேர்த்தது. அவர் வைத்த அட்டை இதைவிட வெளிறி இருந்திருக்கும், நீலங்களும் வெள்ளையும் இன்னும் பளிச்சென்று நின்றிருக்கும். எனவே போட்டோவைப் பார்த்து அந்தப் பழுப்பை அப்படியே காப்பியடிக்காதே.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பார்சல் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அச்சு இல்லாத பக்கத்தை எடுத்துக்கொள். வெள்ளைச் சாக்கட்டி ஒன்று, நீலப் பென்சில் ஒன்று, கறுப்பு ஒன்று போதும். பஸ் ஸ்டாப்பில் நின்று, பையில் எதையோ தேடுகிறவரை வரை. கை ஒரு வேலையில் இருக்கும்போது முகம் தன்னை மறந்துவிடும், அதுதான் உனக்கு வேண்டும். நிழலுக்கு எதுவும் பூசாதே, அட்டையே நிழல். வெளிச்சத்தை மட்டும் வெள்ளையால் தொடு. முகத்துக்குப் பத்து நிமிடம், மீதி உடம்பு முழுவதற்கும் மூன்றே நிமிடம் என்று வைத்துக்கொள். இருபது அட்டை போட்ட பிறகு எனக்கு எழுது.

கே: நடனக்காரரை இப்படி யோசனையில் ஆழ்ந்தவராகக் காட்டும் வேறு ஓவியம் ஏதாவது சொல்லுங்கள். பிரெஞ்சு ஓவியர் தேகாவின் பாலே பெண்கள் எனக்குத் தெரியும், அவர்களைத் தவிர. (வாசகி, புதுச்சேரி)

ப: தவிர்க்கச் சொன்னவரிடமிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தேகாவின் பாலே பெண்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. செருப்பு நாடா கட்டுகிறவர்கள், கொட்டாவி விடுகிறவர்கள், கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறவர்கள். அங்கே நமக்குத் தெரிவது உடம்பின் அலுப்பு. ஆனால் அந்த வரிசை தொடங்குவதற்கு முன்பே, 1867–68-ல், பெயர் சொல்லி ஒரு நடனக்காரரை வரைந்தார். எழெனி ஃபியோக்ர், பாரிஸ் ஆப்பெராவின் நட்சத்திரம். 1866 நவம்பரில் மேடையேறிய "லா சூர்ஸ்" என்ற பாலேயில் அவர் நூரெத்தா என்ற இளவரசிப் பாத்திரம் ஏற்றார். அந்த வேடத்திலேயே வரைந்திருக்கிறார் தேகா. நியூயார்க்கில் புரூக்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்த்த மாத்திரத்தில் அது நடனப் படம் என்றே தோன்றாது. பாறைகள், ஒரு சுனை, குனிந்து தண்ணீர் குடிக்கும் குதிரை, கீழ்நாட்டு உடையில் சேடிப் பெண்கள், நடுவே நீல உடையில் தலையைக் கையில் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஃபியோக்ர். தண்ணீர் கீழே நிழல்களை வாங்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. ஏதோ கதைக் காட்சி என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். பிறகு குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவே கண் போகும். அங்கே ஒரு ஜோடி இளஞ்சிவப்புப் பாலே காலணி கிடக்கிறது. அவ்வளவுதான், எல்லாம் மாறிவிடும். பாறை மேடை அமைப்பு, சுனை மேடைச் சுனை, ஒத்திகைக்கு நடுவில் கிடைத்த இடைவேளை, ஒரு பெண் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இளவரசி யோசிக்கிறாளா, ஃபியோக்ர் யோசிக்கிறாரா? படம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். 1868-ல் பாரிஸின் வருடாந்தர ஓவியக் கண்காட்சியில் இதை வைத்தார்கள். ஒரு ஜோடி காலணியை அங்கே போட வேண்டும் என்று தோன்றியதே, அதற்காகவே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஜேனின் கையுறை போலத்தான் அந்தக் காலணியும்.

கே: ஜேன் அவ்ரில் கடைசிக் காலம் எப்படி இருந்தது? (வாசகர், திருச்சி)

ப: 1911-ல் மோரிஸ் பியே என்ற ஓவியரை மணந்தார். அவர் 1926-ல் இறந்துபோனார், பணம் எதுவும் விட்டுவைக்கவில்லை. லோத்ரெக் அதற்கு எத்தனையோ முன்பே, 1901 செப்டம்பரில், 37 வயது முடியுமுன் போய்விட்டார். 1933-ல் பாரி-மிதி என்ற நாளிதழில் ஜேனின் நினைவுகள் தொடராக வந்தன, சல்பெத்ரியேர் கதை அவர் வாயால் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். வறுமையில்தான் முடிந்தது. ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்து வைத்திருந்த 1943 ஜனவரியில், 74 வயதில் இறந்தார். பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் கணவர் வீட்டாரின் கல்லறையில் இருக்கிறார். அவரை வரைந்த படங்கள் அப்போதே பெரிய காட்சிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் ஒரு காசு அவருக்கு உதவியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கே: அவர் சந்தோஷமாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லையா? (வாசகி, திருநெல்வேலி, ஒன்பதாம் வகுப்பு)

ப: நீ கேட்டதற்காகவே, கண்ணு, நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். வாய்விட்டுச் சிரிக்கிற படம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறார் என்று நான் நம்புகிற படம் ஒன்று இருக்கிறது.

1893-ல் பாரிஸில் ஓவியர்களின் அச்சுப்படங்களைத் தொகுத்து ஒரு வெளியீட்டுத் தொடரை ஆரம்பித்தார்கள். அதன் முதல் அட்டைப்படத்தை லோத்ரெக்கிடம் கேட்டார்கள். அவர் மேடையை வரையவில்லை, அச்சகத்தை வரைந்தார், தன் படங்களைக் கல்லில் ஏற்றி அச்சிடும் ஆன்கூர் அச்சகம். பின்னால் கொத்தெல் என்ற வயதான அச்சுக்காரர் தலையில் குல்லாயோடு இயந்திரத்தில் வேலையாக இருக்கிறார். அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லை. முன்னால் ஜேன், அதே மாதிரி தொப்பி, அதே மாதிரி நீண்ட மேலாடை. இப்போதுதான் அச்சிலிருந்து வந்த ஒரு பெரிய தாளைக் கையில் பிடித்துப் பார்க்கிறார். வாசலில் பார்த்த அதே தாழ்ந்த கண்தான், அதே தலைச் சாய்ப்புதான். இங்கே அவரை வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. அவர்தான் பார்க்கிறார், மை சரியாக விழுந்திருக்கிறதா, கோடு சுத்தமாக வந்திருக்கிறதா என்று ஒரு தொழில்காரரைப் போல உன்னிப்பாக. அந்தத் தாளில் என்ன படம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது, அவருக்கு மட்டும்தான் தெரிகிறது.